நீ தூக்கச் சொன்ன புள்ளி

நேற்று சமயநல்லூர் முகாமில் ஒருவர் வாயைத் திறந்தார். வெற்றிலை வாசம். கூடவே கிராம்பு. எச்சில் பிடிக்கும் குழாயை நீட்டிய என் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன தம்பி, துப்பவா, வேண்டாமா?" என்றார்.

"வாயக் கொப்பளிச்சிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு வாங்கய்யா. வெத்தலை போட்டா எச்சில் செல்லாது."

"எச்சில்ல செல்றது செல்லாததுன்னு வேற இருக்காப்பா?" சிரித்துக்கொண்டே போனார். திரும்பி வரவில்லை. மர நிழலில் போட்டிருந்த மேசையில் அவருக்கென்று எடுத்து வைத்த குழாய் காலியாக நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற பெண், "சார், நாங்க எம்புட்டு நேரம் நிக்கிறது?" என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

வெற்றிலை போட்டவரின் எச்சிலை வாங்கக் கூடாது என்ற விதியை எழுதியவன் நீ. சோழவந்தான்காரன் எழுதிய விதி அது. கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளிய அப்பாவுக்குப் பிறந்தவன், வெற்றிலையைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவன். அந்த விதிதான் உன்னைத் தின்றது.

இப்படி எழுதினால் நீ அடித்துவிடுவாய். "விதி யாரையும் திங்காது மாப்ள. கட்டிதான் திங்கும்" என்பாய்.

சரி. கட்டி.

நம் வேலையை முகாம்களில் நீ விளக்கும் விதம் நினைவிருக்கிறது. நான் பல்கலைக்கழகத்தில் படித்த சொற்களை அடுக்குவேன். ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். நீ என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போய் நிற்பாய்.

"வயித்துக்குப் பின்னாடி ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான். பேரு கணையம். அவனுக்கு நோவு வந்தா சத்தமே போட மாட்டான். சத்தம் போடுறப்ப எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். அதுக்கு முன்னாடி அவன் முனகுறது ரத்தத்துல, எச்சில்ல, மூத்திரத்துல எங்கயாச்சும் கேக்குதான்னு பாக்குறோம். அம்புட்டுத்தான். பயப்படாமத் துப்புங்க."

துப்பினார்கள். அந்த முனகலைத்தான் நாங்கள் மார்க்கர் என்கிறோம். நோயாளிகளிடம் கூடுதலாகவும் மற்றவர்களிடம் குறைவாகவும் இருக்கும் ஏதோ ஒரு புரதம், ஏதோ ஒரு துணுக்கு. அதைக் கண்டுபிடிக்க நோயாளிகள் மட்டும் போதாது. நோயில்லாதவர்கள் வேண்டும். நிறைய வேண்டும். ஆரோக்கியமானவன் என்று ஒருவனை எப்படி முடிவு செய்வது? நாங்கள் எளிமையாக வைத்திருந்தோம். நடந்து வந்தான், சிரித்தான், வலி இல்லை என்றான். ஆரோக்கியமானவன்.

உன் பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் வருவேன். சோழவந்தான் சாலையில் ஒருநாள், பெட்டிக்குள் உன் தெருக்காரர்களின் எச்சில். நீ வண்டியை நிறுத்தாமலே சொன்னாய்.

"எங்க அய்யாவுக்கு டீக்கடையில தனி கிளாஸு. அவரு எச்சில் மத்த கிளாஸுல பட்டுறக் கூடாதாம். இப்ப அதே எச்சில ஐஸ்ல வச்சு, குலுங்காம, ஏசி ரூமுக்குக் கொண்டு போறோம். பத்திரமாப் பிடி மாப்ள. சாமி மாதிரி பிடி."

நான் சிரித்தேனா, பேசாமல் இருந்தேனா, நினைவில்லை. பெட்டியை இறுக்கிப் பிடித்தது நினைவிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு நீ வந்தது ஒரே முறை. அம்மா எனக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார். உனக்குப் பேப்பர் கப். எங்கள் வீட்டில் பேப்பர் கப் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நீ ரசித்துக் குடித்தாய். "காபி பிரமாதம்மா" என்றாய். வாசலுக்கு வந்ததும் கப்பை என் கையில் கொடுத்தாய்.

"தூரப் போட்டுறாத. என் எச்சில் இருக்கு. லேபுக்கு ஆகும்."

அதன்பிறகு நான் அம்மாவிடம் கத்தினேன். "அவசரத்துக்குக் கெடச்சத எடுத்தேன்டா" என்றார் அம்மா. அந்த வீட்டுக்கு நீ மறுபடி வரவில்லை. கூப்பிட்டபோதெல்லாம், "பேப்பர் கப்பு தீந்து போயிருக்கும்டா, பாவம், எதுக்குச் சிரமம்" என்பாய். என்னைக் காயப்படுத்துவதை நீ ஒரு கலையாகச் செய்தாய். அதற்கு நான் தகுதியானவன்தான் என்பதால் நட்பு நீடித்தது.

நம் லேபில் ஒரு வழக்கம். முகாம் தொடங்கும் காலையில் முதல் குழாய் நம் ஆட்களில் ஒருவருடையதாக இருக்க வேண்டும். போணி என்போம். நம்மில் ஒருவர் ஊசி குத்திக்கொள்வதைப் பார்த்தால் கூட்டத்துக்குப் பயம் போகும். அந்தத் தை மாதம் உன் தெருவிலேயே முகாம். நீ அப்பா வீட்டிலிருந்து நேராக வந்தாய். உதடு சிவந்திருந்தது.

"வெத்தலை போட்டிருக்கயேடா."

"அய்யா மடிச்சுக் குடுத்தாரு. வேண்டாம்னா மூஞ்சி செத்துப் போகும். நாலு தடவ கொப்பளிச்சிட்டேன், போதும். போணிதான, வாங்கு."

கையை நீட்டினாய். ரத்தம் எடுத்தேன். குழாயில் துப்பினாய். உன் தெருக் கிழவர்கள் கைதட்டினார்கள். "படிச்ச பய துப்புறதப் பாருய்யா" என்றார் ஒருவர்.

பங்குனியில் நீ இளைத்திருந்தாய். எல்லோரும் பாராட்டினோம். பாராட்டினோம் என்று எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. தொப்பை போய்விட்டது. சட்டை தொங்கியது. "என்ன மாப்ள, கல்யாண மாப்ள மாதிரி ஆயிட்ட?" "அரிசிய விட்டுட்டானாம்." "வீட்டுக்காரி ஜோதி சோறு போடலையாம்." நீ பெல்ட்டில் புது ஓட்டை போட்டுவந்து எல்லோருக்கும் காட்டினாய்.

சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் மேடம் கூட்டம் போட்டார். நம் ஆய்வின் தலைவர், குரலை உயர்த்தாதவர். சுவரில் புரொஜெக்டர் படம் விழுந்தது. ஆளுக்கொரு புள்ளி, எச்சிலில் மார்க்கர் கூடக் கூட உயரம். மேலே நோயாளிகளின் புள்ளிகள். கீழே ஆரோக்கியமானவர்களின் புள்ளிகள், கொட்டி வைத்த கடுகு மாதிரி. கீழ்க் கூட்டத்தைச் சேர்ந்த ஒரே ஒரு புள்ளி மட்டும் மேலே, நோயாளிகளின் உயரத்தில், தனியாக.

"யாரது?" என்றார் மேடம்.

நீ கையைத் தூக்கினாய். "நான்தான் மேடம்."

அறை முழுக்கச் சிரிப்பு.

"போணிக் குழாய். அன்னைக்கு வெத்தலை போட்டிருந்தேன். ஈறுல ரத்தம் வேற. அதான் ஏறிருக்கு. தூக்கிருங்க."

"விதி எழுதுனவரே விதிய மீறலாமா?"

"அதனாலதான் மேடம், நானே மாட்டிக்கிட்டேன்."

மேடம் தலையாட்டினார். நீயே எழுந்து போய் கணினியில் அந்தப் புள்ளியைத் தொட்டு நீக்கினாய். படம் அழகாகிவிட்டது. மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம், நடுவே வெள்ளை. "இப்ப பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம்" என்றாய். அன்று எடுத்த உன் ரத்தத்தை யாரும் சோதனைக் கருவியில் ஓட்டவில்லை. ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை அடுத்த கட்டத்தில் பார்ப்பதாகத் திட்டம். அது ஆழ்குளிர்ப் பெட்டியில் உறைந்து கிடந்தது.

வைகாசியில் உனக்குச் சர்க்கரை வந்தது. உங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சர்க்கரை. இளைத்துக்கொண்டே வரும் ஒருவனுக்குத் திடீரென்று சர்க்கரை வந்தால் கணையத்தைச் சந்தேகி என்று நம் விளக்கப் படங்களில் ஒன்று சொல்லும். அதைத் தயாரித்தவன் நீ. சிவப்பு எழுத்து போட்டவனும் நீ. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை வைத்துப் பயிற்சி மாணவர்களுக்கு வகுப்பெடுத்தாய்.

நோய் என்பது மற்றவர்களின் குழாய்களில் இருப்பது. நாம் குழாயைப் பிடித்திருப்பவர்கள். அப்படித்தான் எல்லோரும் இருந்தோம்.

ஐப்பசியில் ஒரு காலை கழிப்பறையிலிருந்து வந்தாய். கதவைச் சாத்தவில்லை. என் தோளில் கை வைத்தாய்.

"மாப்ள, மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போகுது."

கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சள்.

"உடம்பெல்லாம் அரிக்குது. வலி இல்ல." வலி இல்ல என்பதை நீ சொன்ன விதம். வலி இல்லாத மஞ்சள் என்றால் என்னவென்று நம் இருவருக்கும் தெரியும். நீ என் கண்ணில் அதைப் படித்துவிட்டு, நான் பேசுவதற்கு முன்பே, "ஜோதிகிட்ட மஞ்சக்காமாலைன்னு மட்டும் சொல்லு" என்றாய்.

ஊரில் கீழாநெல்லி அரைத்தார்கள். பத்தியம் போட்டார்கள். உப்பில்லாத சோறு. ஸ்கேன் முடிவு உன் பாக்கெட்டில் இருந்தது. கணையத்தின் தலையில் கட்டி, ஈரலில் சிதறல். அதை வைத்துக்கொண்டே உன் அம்மா நீட்டிய கீழாநெல்லிச் சாற்றை மோரோடு கலந்து குடித்தாய். "நல்லாருக்கா?" என்று கேட்டார் அம்மா. "கொஞ்சம் தேறுது" என்றாய். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அந்தக் கண்ணடிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

இனி அறுக்க முடியாது என்றார் டாக்டர். பித்தம் இறங்க ஒரு குழாய் வைத்தார்கள். மஞ்சள் சற்று வடிந்தது. மருந்து ஏற்றினார்கள். நீ வாந்தி எடுத்தாய். நீயும் ஜோதியும் இருந்த ஆனையூர் வீட்டில் முன்னறையில் மெத்தையை விரித்துப் படுத்துவிட்டாய். ஒருநாள் மதியம் என்னைக் கிட்டே வரச் சொன்னாய்.

"போணி ரத்தம் கெடக்குல்ல."

"கெடக்கு."

"ஓட்டு."

நான் மெத்தை விரிப்பைச் சரிசெய்தேன்.

"எச்சில்ல வெத்தலை இருந்துச்சு. ரத்தத்துல வெத்தலை கிடையாது. அன்னைக்கு மேல நின்னது வெத்தலையா, நானான்னு தெரியணும்."

"தெரிஞ்சு என்னடா பண்ணப் போற?"

"நான் ஒண்ணும் பண்ண முடியாது. அதான் தெரியணும்."

மேடத்திடம் போய்ச் சொன்னேன். "ஒரே ஆளோட ஒரே நாள் ரத்தம். அத வச்சு எதுவும் சொல்ல முடியாது. அது அவனுக்கே தெரியும்" என்றார். பிறகு, "வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலப்பா. ஓட்டு" என்றார்.

அந்த வாரம் முழுக்க என்ன வேண்டிக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. ரத்தம் உயரே நின்றால், தை மாதமே உன் உடம்பு சொல்லிவிட்டது, நீயே அதை எழுந்து போய் நீக்கிவிட்டாய் என்று பொருள். கீழே நின்றால், நீ இத்தனை ஆண்டுகள் அலைந்து சேர்த்த எச்சிலும் ரத்தமும் எதற்கும் ஆகாது, நம் மார்க்கர் ஒரு குருடு என்று பொருள். ஒன்று உன் சாவைக் கெடுக்கும். மற்றது உன் வாழ்க்கையை. இரண்டில் ஒன்றை நான் உன் வீட்டுக்கு எடுத்துவர வேண்டும். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கூட்டத்தில் என்னை யாராவது நெட்டித் தள்ளினால் தேவலை என்று இருந்தது.

இரண்டு முறை ஓட்டினேன். இரண்டு முறையும் ஒரே விடை.

நான் உள்ளே வரும்போது ஜோதி தரையில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. நீ என் முகத்தைப் பார்த்தாய்.

"சொல்லு."

"மேல."

"எம்புட்டு மேல?"

"நோயாளிங்க வரிசையில. நடுவுல."

கண்ணை மூடினாய். பிறகு சிரித்தாய். எலும்பு தெரியும் முகத்தில் அந்தச் சிரிப்புக்கு இடமே இல்லை, ஆனாலும் வந்தது.

"அப்ப வேலை செய்யுதுடா மாப்ள."

"ம்."

"வெத்தலை இல்ல. நான்தான். அந்த மார்க்கர விட்டுறாதீங்க. மேடத்துக்கிட்ட சொல்லு."

சாத்துக்குடி உரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"எப்ப எடுத்த ரத்தம்ணே அது?" என்றாள் ஜோதி. என்னைக் கேட்டாள், ஆனால் உன்னைப் பார்த்தாள்.

நீதான் பதில் சொன்னாய். "தை முகாம்ல."

"தையிலயா." அவள் யோசித்தாள். "பொங்கலுக்குச் சட்டை பத்தலைன்னு மாத்தி எடுத்தோமே. அப்பவா?"

"அப்பத்தான்."

"அப்பவே தெரிஞ்சிருந்தா அறுத்து எடுத்திருப்பாங்களா?"

நீ பொய் சொல்லியிருக்கலாம். கீழாநெல்லிக்குப் பொய் சொன்னவன் நீ. ஆனால் இது வேலை சம்பந்தப்பட்ட கேள்வி. வேலையில் நீ பொய் சொன்னதில்லை.

"எடுத்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

"எச்சில்லயும் காட்டுச்சுன்னு முன்ன ஒருநா சொன்னீங்கள்ல. யாரு அதத் தள்ளுனது?"

"நான்தான்."

ஜோதி மிச்சச் சுளைகளை உரித்தாள். கொட்டைகளை எடுத்தாள். தட்டில் வைத்து உன் கைக்கு எட்டும் தூரத்துக்குத் தள்ளினாள்.

"சாப்பிடுங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள். அடுக்களையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பாத்திரச் சத்தம்கூட இல்லை.

நீ கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "சந்தோசமா இருக்குடா. எனக்கே அசிங்கமா இருக்கு."

உன் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக, காய்ந்து, லேசாக இருந்தது. சுளைகளை நீயும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

அந்தச் சந்தோசம் சில நாள் உன்னைத் தாங்கியது. அதன்பிறகு முதுகுக்குப் பாய்கிற வலி வந்தது. வலி வந்தபோது நீ மார்க்கரைப் பற்றிப் பேசவில்லை. என்னைப் பற்றிப் பேசவில்லை. ஜோதியைக்கூடக் கூப்பிடவில்லை. மாட்டைப்போலக் கத்தினாய். இதை ஏன் எழுதுகிறேன்? உன்னைப் பற்றிப் பேசும் எல்லோரும் நீ சிரித்துக்கொண்டே போனதாகச் சொல்கிறார்கள். இல்லை. நான் இருந்தேன்.

வயிற்றில் நீர் கட்டியது. ஊசி போட்டு இறக்கினார்கள். புட்டியில் வைக்கோல் நிறத்தில் அது ஏறுவதை நாம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வலி மருந்தின் மயக்கத்தில் நீ கேட்டாய்.

"கொஞ்சம் லேபுக்கு எடுத்துட்டுப் போறியா?"

நர்ஸ் உன்னை முறைத்தார்.

"வேண்டாம்டா" என்றேன்.

நீயே யோசித்தாய். "ஆமா. லேட்டான தண்ணி. இதுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் இருக்கும்."

நீ என்னிடம் பேசிய கடைசி முழு வாக்கியம் அது.

மாசியில் தத்தனேரி மயானத்துக்குக் கொண்டுபோனோம். உன் அய்யா ஒதுங்கி நின்றார். நான் பக்கத்தில் போனதும் கேட்டார்: "வெத்தலையால வந்துச்சா தம்பி? வீட்டுக்கு வர்றப்பல்லாம் நான்தான் மடிச்சுக் குடுப்பேன்."

"இல்லய்யா. இந்த நோவுக்கும் வெத்தலைக்கும் சம்பந்தமில்ல."

"அப்ப சரி" என்றார். அவர் நம்பவில்லை. எனக்கு அது தெரிந்தது. அவரிடம் வேறு எதைச் சொல்வது? வெற்றிலையால் நோய் வரவில்லை, வெற்றிலையால் நோய் தெரியாமல் போனது என்றா? கொடிக்கால் வேலைக்கு இப்போதும் போகிறார். கிள்ளுகிறார், அடுக்குகிறார், கட்டுகிறார். வாயில் வைப்பதில்லை.

உனக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். உனக்குப் பிடிக்கும். அதுதான் கொடுமை.

நோய் தெரிய வருவதற்கு முன்பே எடுத்துவைத்த ரத்தம், பிறகு அதே நோயால் இறந்தவனின் ரத்தம், இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் தேடும் பொருள். நோயாளியின் ரத்தம் எங்கும் கிடைக்கும். ஆனால் அது லேட்டான ரத்தம். முன்னதாக எடுத்தது வேண்டுமென்றால் ஆரோக்கியமானவர்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும், அவர்களில் சிலர் சாகும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாம் காத்திருக்காமலே நீ கிடைத்தாய்.

மேடம் இதை என்னிடம் சொல்லும்போது குரல் சற்று உயர்ந்தது. அந்தக் குரலில் மகிழ்ச்சி இருந்தது. அது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். "அவன் கையெழுத்துப் போட்டது ஆரோக்கியமானவன்னு. இனிமே நோயாளியா வச்சுக்கணும்னா வீட்ல கேக்கணும். நீ போய்ட்டு வா" என்றார்.

போனேன். ஜோதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய துணி மட்டும். வழக்கமாகச் சொல்லும் "வாங்கண்ணே" இல்லை. விஷயத்தைச் சொன்னேன். மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவரு உடம்புல இருந்தது இன்னும் அங்க இருக்கா?"

"கொஞ்சம்."

"எம்புட்டு?"

சுண்டு விரலின் நுனிக் கணுவைக் காட்டினேன். அவள் அந்த விரலையே பார்த்தாள்.

"எரிச்சாச்சு. ஆத்துல கரைச்சாச்சு. காரியமும் முடிச்சாச்சு. அப்புறமும் இருக்கா." பிறகு, "கெட்டுப் போகாதா?"

"போகாது. அந்தக் குளிர்ல அப்படியே இருக்கும்."

"அப்படியேன்னா?"

"எடுத்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ, அப்படி."

ஜோதி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவரு செத்தது அதுக்குத் தெரியாது."

எங்கள் பாடங்களில் அதற்கு மறுப்பு இல்லை.

"தெரியாது."

"நான் குடுக்க மாட்டேன்னா?"

"அழிச்சிருவோம்மா. அதுக்கு ஒரு முறை இருக்கு. சூடு பண்ணி, பையில கட்டி..."

"யாரு செய்வா?"

"நான்தான் செய்யணும்."

கீழே வைத்த துணியை மறுபடி எடுத்து மடித்தாள். தெருவில் கோலமாவு விற்பவரின் குரல் வந்து போனது.

"பையில கட்டிக் குப்பையில போட வேண்டாம்ணே. வேலைக்கு வச்சுக்கங்க. சொட்டு மிச்சமில்லாம ஓட்டித் தீத்துருங்க. முடிஞ்ச அன்னைக்கு எனக்கு போன் பண்ணணும். அன்னைக்கு ஒரு தடவ தலைக்கு ஊத்திக்கிறேன். அன்னைக்குத்தான் அவரு முழுசாப் போனது." நான் எழுந்தபோது சொன்னாள்: "அண்ணே, இனி சும்மா வர வேண்டாம். உங்களப் பாத்தா அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வருது."

உன் சிரிப்பைச் சொன்னாள்.

லேபுக்குத் திரும்பி உன் குழாய்களை ஆரோக்கியமானவர்களின் கீழ்த்தட்டிலிருந்து நோயாளிகளின் மேல்தட்டுக்கு மாற்றினேன். கணினியில் உன் எண்ணுக்கு எதிரே 'ஆரோக்கியம்' என்றிருந்ததை எடுத்துவிட்டு 'நோய்' என்று போட்டேன். நீ நீக்கிய புள்ளி படத்தில் திரும்பி வந்தது. இப்போது அது தனியாக இல்லை. சரியான கூட்டத்தில் நிற்கிறது. படம் இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

மேடம் விதியை மாற்றினார். ஆரோக்கியமானவர்களின் புள்ளி உயரே நின்றால் இனி நீக்க மாட்டோம். ஆளைக் கூப்பிட்டுச் சொல்வோம். கூப்பிட்டோம். பரவைப் பக்கம் ஒரு விவசாயி. உன்னைச் சரியாகச் சொன்ன அதே மார்க்கர் அவரையும் சொன்னது. ஸ்கேன் எடுக்க வரிசை. இன்னொரு ஸ்கேன். அதற்குள் அவர் சாப்பாட்டை விட்டுவிட்டார், மகள் நிச்சயத்தைத் தள்ளிவைத்துவிட்டார். கடைசியில் ஒன்றுமில்லை. சுத்தம். சொல்லப் போனேன்.

"நல்லா இருந்தவனச் சாகடிச்சிட்டு, இப்ப ஒண்ணுமில்லங்கிறீங்களா? போய்யா" என்றார். வெளியே வந்த பிறகும் அவர் பேசியது தெருமுனை வரை கேட்டது.

அவரைப்போல இன்னும் சிலர். எல்லோரும் சுத்தம். நீ ஒருவன்தான் உண்மை. ஒரு உண்மைக்கு இத்தனை பேரை அழவைக்கலாமா என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும். உன் பதில் எனக்குத் தெரியும். "ஒரே ஆள வச்சு எதுவும் சொல்ல முடியாது மாப்ள." அந்த ஒரே ஆள் நீ என்பது அந்தப் பதிலை மாற்றாது.

ஆகவே புது மார்க்கர்கள் தேடுகிறோம். எது வந்தாலும் முதலில் உன் மேல் வைத்துப் பார்க்கிறோம். உன்னைக் காண்கிறதா? கண்டால் வைத்துக்கொள்கிறோம். காணாவிட்டால் தள்ளுகிறோம். உன்னைக் காணாத ஒன்று எங்களுக்கு எதற்கு? ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உயரே ஏறினால் சந்தோசப்படுகிறேன். உனக்கு நோய் இருக்கிறது என்று மறுபடி மறுபடி தெரியவந்து மறுபடி மறுபடி சந்தோசப்படுகிறேன். எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

ஜோதி அவ்வப்போது போன் செய்கிறாள். வணக்கம் இல்லை, நலமா இல்லை.

"முடிஞ்சதாண்ணே?"

"இன்னும் இருக்கும்மா."

வைத்துவிடுவாள்.

இப்போது இருப்பது ஒரே குழாய். வரும் செவ்வாய்க்கிழமை ஒரு புது மார்க்கரைப் பார்க்கப்போகிறோம். அதற்கு இருப்பது அத்தனையும் வேண்டும். உன்னை வெளியே எடுத்து, பனிக்கட்டிமேல் வைத்து உருகவிட வேண்டும். கையால் சூடுபடுத்தக் கூடாது, குலுக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உருகி முடியும்வரை அதற்குள் தை மாதம்தான். உன் கட்டி சிறியது, ஈரலுக்கு இன்னும் போகவில்லை, யாராவது ஒருவர் சொன்னால் போதும், அறுத்து எடுத்துவிடலாம்.

பிறகு ஜோதிக்கு போன் செய்ய வேண்டும்.